சேர்வராயன் மலையில் ரத்தம் எடுக்க அனுமதி தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனிதர்கள் மேல் நடத்தும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகம், ஆய்வு நிறுவனம் என்று எந்தக் குழுவில் நீங்கள் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். ஆய்வாளர்களுக்கு எழுதவில்லை. அவர்கள் வருவார்கள், போவார்கள். அவர்கள் மலை ஏறலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள்.

நான் ஏற்காடு வட்டத்தில் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவன். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் பேசுவது தமிழ், கும்பிடுவது இந்த மலையின் சேர்வராயனை.

மக்கள்தொகை மரபியல் படித்தவர்களுக்கு எங்களைப் போன்றவர்கள் மேல் ஏன் இவ்வளவு ஆர்வம் என்பது எனக்குப் புரிகிறது. சிறிய கூட்டம், பல தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்திருக்கிறது. அப்படிப்பட்ட கூட்டத்தில் தொடக்கத்தில் இருந்த சில முன்னோர்களின் மரபணுக் கோளாறு நீர்த்துப்போகாமல் இறங்கி வர வாய்ப்பு அதிகம். 2017-ல் 'நேச்சர் ஜெனிட்டிக்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்களின் டி.என்.ஏ.வைப் பார்த்தது. அவற்றில் 81 சமூகங்களில் இந்த விளைவு, இதற்குப் பெயர்போன ஃபின்லாந்துக்காரர்களிடமும் ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களிடமும் இருப்பதைவிட வலுவாக இருக்கிறது என்று சொன்னது. இதெல்லாம் வெறும் ஏட்டு விஷயமில்லை. ஆரிய வைசியர் என்ற வணிகச் சமூகத்தில் சிலருக்கு, ஆபரேஷனுக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து உடம்பில் சீக்கிரம் சிதைவதில்லை. மருந்தின் பிடி விடாமல் மூச்சு விடவே முடியாமல் போகும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு அது முன்கூட்டியே தெரிந்தால் ஓர் உயிர் தப்பும். ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயும் அப்படித்தான், முன்கூட்டியே தெரிவது நல்லது. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய திட்டம், தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கப் போவதாக அறிவித்தது. நல்ல காரியம். ஆகவே ஊசியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

என் மனக்குறை வேறு. ரத்தம் கொடுப்பது ஒரு ஆள். அதிலிருந்து வரும் முடிவு எங்கள் எல்லோர் தலையிலும் விழுகிறது. ஆனால் உங்கள் குழு பார்ப்பது அந்த ஒரு ஆளின் கைநாட்டை மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊருக்கு ஒரு குழு வந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. ரத்தசோகை பார்க்கிறோம் என்றார்கள். ரேஷன் கடை வாசலில் மேசை போட்டு, வரிசையில் நிற்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் கேள்விகள்: தாத்தா எந்த ஊர், பாட்டி எந்த ஊர், மாமன் மகளைக் கட்டினாயா, அக்கா மகளைக் கட்டினாயா? ரத்தசோகைக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, டாக்டரிடம் யார் எதிர்க்கேள்வி கேட்பார்கள்? படிவத்தின் கடைசிப் பக்கத்தில், மாதிரிகள் எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழேதான் கைநாட்டு. போனவர்கள் போனவர்கள்தான். ஹீமோகுளோபின் அளவைக்கூட யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. அன்று வரிசையில் நின்ற ஒரு பாட்டி இப்போதும் என்னைப் பார்த்தால், “நம்ம ரத்தத்துல என்ன இருந்துச்சாம் தம்பி?” என்று கேட்கும்.

இந்த 'எதிர்கால ஆய்வு' என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் வாழும் ஹவாசுபாய் பழங்குடி மக்களிடம் சர்க்கரை நோய் அதிகம். அதற்கு வழி தேடலாம் என்றுதான் 1990-ல் தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு நோய் ஆய்வுக்குப் போனது, உறவுக்குள் திருமணம் பற்றிய ஆய்வுக்குப் போனது, முன்னோர்கள் எங்கிருந்து குடிபெயர்ந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. 2003-ல் அந்த இனத்துப் பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வேட்டு விளக்கத்தைக் கேட்க உட்கார்ந்திருந்தபோதுதான் இது வெளிவந்தது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. வேறு கண்டத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் ரத்தத்தை வைத்தே எழுதினால் எப்படி இருக்கும்? 2010-ல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த மாதிரிகளைத் திருப்பித் தந்து சமரசம் செய்துகொண்டது.

எங்கள் கதை அவர்களுடையதற்கு நேர் எதிர். நாங்களே சொல்லிக்கொள்கிறோம், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று. அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பினார்கள், மூத்தவர் இந்த மலைக்கு வந்தார். அப்படியானால் முன்னோர் ஆய்வால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். சரி, சொல்கிறேன்.

சேலம் டவுனில் சாதிச் சான்றிதழுக்கு அலைந்த எந்த மலையாளிப் பையனையும் கேட்டுப் பாருங்கள். “நீங்கள்ளாம் கீழ்நாட்டு வெள்ளாளர்தானே, உங்களுக்கு எதுக்கு எஸ்.டி.?” என்ற கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்பான். எஸ்.டி. பட்டியலில் எங்கள் பெயர் மாவட்டக் கணக்கில்தான் இருக்கிறது. சேலம், தர்மபுரி, பழைய வடஆற்காடு, தென்னாற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று போகும். அந்த எல்லைக்கு வெளியே, ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் எஸ்.டி. சான்றிதழ் கேட்டு இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டம் மாறினால் சான்றிதழ் மாறுகிறது என்ற நிலைமையில், 'இம்மக்களின் மரபணு சமவெளி விவசாயச் சாதிகளோடு நெருக்கமாக உள்ளது' என்று ஒரு கட்டுரை வந்தால் போதும். கட்டுரை எழுதியவருக்கு அது வரைபடத்தில் ஒரு புள்ளி. அதை வெட்டி எடுத்து நீதிமன்றத்தில் நீட்ட இன்னொருவர் தயாராக இருப்பார். 1965-ல் மத்திய அரசின் லோகூர் குழு பழங்குடிக்கு வகுத்த அளவுகோல்களில் தனிப் பண்பாடு உண்டு, புவியியல் தனிமை உண்டு, வெளியாரோடு பழகத் தயங்குவது உண்டு, பின்தங்கிய நிலை உண்டு. மரபணு இல்லை. இது உங்களுக்கும் தெரியும், ஆய்வாளருக்கும் தெரியும். ஆனால் கட்டுரையில் யாரும் எழுத மாட்டார்கள்.

எங்கள் பயம் பழைய பயம்தான். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஊர் ஊராகப் போய் மண்டையையும் மூக்கையும் அளந்தவர். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம், தங்களில் நல்ல உருவமாகப் பார்த்துப் பிடித்துப் பாடம் செய்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று. அவரே எழுதியிருக்கிறார், வேடிக்கையாக. 1909-ல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூலில் நாங்களும் இருக்கிறோம். எங்கள் கல்யாண முறை பற்றி அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த வரிகள் இன்றும் எங்கள் பெண்பிள்ளைகளைக் கூசவைக்கின்றன. அன்று அளவுநாடா, இன்று ஊசி. மூக்கின் அளவு யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை, டி.என்.ஏ. அப்படி இல்லை, அது உண்மையிலேயே நிறையச் சொல்லும். அதனால்தான் இன்னும் கவனம் வேண்டும் என்கிறேன்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2002-ம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தைப் பாருங்கள். இந்த மலையில் ஒரு மூலிகையை வணிகத்துக்கு எடுப்பதென்றால் உள்ளூரில் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதைக் கலந்து பேச வேண்டும், வரும் பலனில் பங்கு பற்றியும் சட்டம் பேசுகிறது. அதே சட்டம் மனித மரபணுப் பொருளைத் தன் வரையறையிலிருந்து நீக்கி வைத்திருக்கிறது. எங்கள் ரத்தத்துக்கு விலைப்பட்டியல் போடச் சொல்லவில்லை. அது மூலிகை இல்லைதான். ஆனால் ஊரைக் கலந்து பேசும் அந்த மரியாதை செடிக்கு உண்டு, செடியைப் பறிக்கிறவனுக்கு இல்லை என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆய்வுக்கு விலக்கு தருகிறது. தவிர அது பேசுவது தனிமனிதர் தரவைப் பற்றி மட்டும். தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி என்று எதுவும் இல்லாததால், வடக்கே சில மலைகளில் பெசா எனும் பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துச் சட்டம் கிராம சபைக்குத் தரும் அதிகாரமும் இங்கே கிடையாது. ஆகக்கூடி எல்லாம் உங்கள் குழுவின் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள் சமூகத்தோடு பேசச் சொல்கின்றன. தலைவர் சம்மதம் தனிமனிதர் சம்மதத்துக்கு ஈடாகாது என்றும் சொல்கின்றன. சரியான வார்த்தை. எங்கள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் தலையாட்டினால் ஊரே ஒத்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊர்க்கவுண்டர்கள் எல்லோரும் ஆண்கள். யார் யாரைக் கட்டினார்கள், யாருக்குக் குழந்தை தங்கவில்லை என்ற கேள்விகள் வந்து விழுவது பெண்கள் மேல். ஆக, இரண்டும் வேண்டும்: ஊர்க்கூட்டத்தில் பேச்சு, அப்புறம் தனித்தனியாக, வீட்டுக்கு வந்து, 'வேண்டாம்' என்று சொல்ல இடம் கொடுத்துக் கேட்கிற ஒப்புதல். முதலில் இன்ன நோய் என்று சொல்லி எடுத்த ரத்தத்தை வேறு எதற்குத் தொட்டாலும் திரும்ப வந்து கேட்க வேண்டும். தொலைவு ஒரு சாக்கு இல்லை, சேலத்திலிருந்து பஸ் இருக்கிறது.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் சான் பழங்குடி மக்கள் செய்ததைப் பாருங்கள். 2010-ல் அவர்களில் சிலரின் மரபணு ஆய்வு வெளியானபோது, ரத்தம் கொடுத்த தனிமனிதர்களிடம் மட்டும் கேட்டார்கள், எங்கள் தலைவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கொதித்தார்கள். 2017 மார்ச்சில் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறியைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். நாங்கள் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. இந்த மலையின் பிரிவுகளான சேலநாடு, மோகநாடு, முட்டநாடு மூன்றையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைப்பது அவ்வளவு சுலபமும் இல்லை, எங்களுக்குள் ஆயிரம் பேச்சு இருக்கிறது. ஆனால் அதுவரை காத்திருக்காமல் உங்கள் குழுவே சிலவற்றைக் கேட்கலாம்.

கட்டுரையில் ஊர்ப் பெயர் எதற்கு? நாகலூர், மாரமங்கலம் என்று போட்டு, பக்கத்தில் வயதும் குடும்ப நோயும் எழுதினால், பெயரை மறைத்து என்ன பயன்? இங்கே டீக்கடையில் ஒருவர் படித்தாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவார். 'மாதிரி எடுத்தது ஆராய்ச்சிக்கு, எவருடைய பழங்குடித் தகுதியையும் முடிவு செய்ய இது உதவாது' என்று கட்டுரைக்குள்ளேயே ஒரு வரி எழுதச் சொல்ல உங்களால் முடியாதா? நோய் கண்டுபிடித்தால் யார் வைத்தியம் பார்ப்பார்கள் என்பதை ஊசி போடுவதற்கு முன்பே கேளுங்கள். அரிவாள் செல் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிற்கும். உட்கார்ந்து விளக்க ஆள் வேண்டும், அவர் தமிழ் பேச வேண்டும். கட்டுரை இதழுக்குப் போகும் முன் இங்கே வந்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் நாங்கள் திருத்துவோம், குறைந்தபட்சம் கொடிவழியையாவது.

உங்கள் குழுவில் பொதுமக்கள் சார்பில் ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும் என்பது விதி. பழங்குடிகளிடம் ரத்தம் எடுக்கும் விண்ணப்பம் வரும் நாளில் மட்டுமாவது, அந்தப் பழங்குடியிலிருந்து படித்த ஒருவரை அழைத்து உட்காரவையுங்கள். எங்களில் நர்ஸ் இருக்கிறார்கள், வக்கீல் இருக்கிறார்கள், எம்.எஸ்சி. படித்துவிட்டு எஸ்டேட்டில் கணக்கெழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அனுமதி கொடுத்து அனுப்பும்போது நாளையும் கொஞ்சம் பார்த்து அனுப்புங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பறிப்பு, அப்போது கூட்டம் போட்டால் வயதானவர்களும் குழந்தைகளும்தான் வருவார்கள். பறிப்பு முடிந்த பிறகு, வேலைக்குப் போனவர்கள் திரும்பிய சாயங்காலம் சரியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் இடம் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு மலைப்பள்ளி ஆசிரியர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்