செட்ரிக் டிகரிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செட்ரிக்,

'நீ' என்றே எழுதுகிறேன். ஹாரி பாட்டரின் நாலாவது புத்தகத்தில், மந்திரப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியின் முடிவில், வால்டமார்ட் என்ற கொடிய மந்திரவாதியின் ஆணையால் நீ செத்துப்போனாய்; உனக்குப் பதினேழு வயதுக்கு மேல் ஆகவே இல்லை. உன்னைப் படித்து வளர்ந்த எங்களுக்குத்தான் தலை நரைக்கிறது.

2007இல் ஏழாவது புத்தகத்தோடு ஹாரி பாட்டர் முடிந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். 2016 ஜூலை 31 அன்று எட்டாவது கதை என்று சொல்லி 'கர்ஸ்ட் சைல்ட்' வந்தது. நாவல் இல்லை, நாடகப் பிரதி. மேடைக்கு எழுதியதைத் தாளில் படித்தால் கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஐந்தாவது புத்தகத்தில் மந்திர அமைச்சகத்தின் காலக் கருவிகளை, அதாவது காலத்தில் பின்னே போக உதவுபவற்றை, உடைத்துத் தள்ளிவிட்டு, இங்கே புதிதாகக் கொண்டுவந்ததும் சரி, போகட்டும். வால்டமார்ட்டுக்கு ஒரு மகள் என்பதை மட்டும் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

என் ஆற்றாமை உன்னைப் பற்றியது. ஹாரியின் மகன் ஆல்பஸும் ஹாரியின் பள்ளிக்கால எதிரி மால்ஃபாயின் மகன் ஸ்கார்பியஸும் காலத்தில் பின்னே போய் உன்னைச் சாவிலிருந்து காப்பாற்றக் கிளம்புகிறார்கள். போட்டியில் நீ தோற்றால் பிழைத்துக்கொள்வாய் என்று கணக்கு. ஏரியில் நடக்கும் இரண்டாவது சுற்றில் உன் உடம்பை மந்திரத்தால் ஊதவைத்து, கூட்டம் சிரிக்கச் சிரிக்க மேலே மிதக்கவிடுகிறார்கள். அவ்வளவுதான். அந்த அவமானத்தில் நீ வால்டமார்ட்டின் ஆளாகி ஹாரியின் நண்பன் நெவிலைக் கொன்றுவிடுகிறாய்!

நீயா? குவிடிச் ஆட்டத்தில் டிமென்டார் என்ற பயங்கர உருவங்களால் ஹாரி பறக்கும் துடைப்பத்திலிருந்து விழுந்தபோது, ஆட்டத்தை முடித்துவைக்கும் ஸ்னிட்ச் பந்து உன் கையில் இருந்தது. ஜெயித்த நீயே, ஆட்டத்தை மறுபடி நடத்தலாம் என்று கேட்டாய். போட்டியின் முதல் சுற்றில் டிராகன் வரும் விஷயத்தை ஹாரி முன்கூட்டியே சொன்னதை மறக்காமல், அடுத்த சுற்றின் துப்பு ஒளிந்திருந்த தங்க முட்டையோடு குளிக்கப் போ என்று அவனுக்கு வழி காட்டினாய். கடைசியில் போட்டியின் கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், 'நீயே எடுத்துக்கொள்' என்று ஒதுங்கி நின்றாய். பள்ளியில் உன் அணியான ஹஃபிள்பஃபுக்குப் பல நூறு வருடங்களாகக் கிடைக்காத பெருமை அது. அதையே விட்டுக்கொடுத்தவனுக்கு நாலு பேர் சிரித்ததா தாங்காது?

ஒருவன் எதைத் தேர்ந்தெடுக்கிறானோ அதுதான் அவன் என்று அந்தப் புத்தகங்கள் அடித்துச் சொல்லின. அதை நம்பித்தானே ஹாரியோடு அத்தனை வருடம் போனோம்? நாடகத்தில் நெவில் சாக வேண்டியிருந்தது, கொல்ல ஒரு கை தேவைப்பட்டது, உன் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பின்னால் போட்டியின் கடைசிச் சுற்றான புதிர்ப்பாதையில் பழைய செட்ரிக்காகவே வந்து அந்தப் பையன்களைக் காப்பாற்றுகிறாய். உன் அப்பா உன்மேல் உயிரையே வைத்திருக்கிறார் என்று ஆல்பஸ் உன்னிடம் சொல்கிறான். எட்டாவது கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

உன் அப்பா ஏமஸ் சக்கர நாற்காலியில் வந்து, என் மகனைத் திருப்பிக் கொடு என்று ஹாரியிடம் கேட்கும் காட்சி ஆரம்பத்தில் வருகிறது. மகனைப் பறிகொடுத்த கிழவர் ஒரு பக்கம், அந்த உடலைத் தூக்கிக்கொண்டு வந்தவன் இன்னொரு பக்கம். அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசியிருந்தாலே எனக்கு ஒரு நாடகத்துக்குப் போதும். ஏமஸை இரண்டு வார்த்தை பேசவைத்து அனுப்பிவிட்டு, காலப் பயணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அன்புடன்,
உன் பழைய வாசகி