மூன்று துளைகளை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

துப்பாக்கி சுடுதல் மன்றங்களின் பயிற்சியாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

சுடுதளங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு விசாரணையைப் பற்றியது இந்த மடல். ஒருவருடைய ரைபிள் நேற்றுவரை துளைமேல் துளையாகச் சுட்டது. இன்று அட்டையெங்கும் சிதறுகிறது. உடனே அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேரும். குழல் தேய்ந்துவிட்டது என்பார் ஒருவர். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போய்விட்டது என்பார் இன்னொருவர். பயிற்சியாளர் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மனம் ஒருமுகப்படவில்லை" என்று வழக்கை முடித்துவிடுவார். இத்தனை பேரில் ஒருவர்கூட ஒரு திருகைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். சுட்டவர் வீட்டுக்குப் போய்ப் புதுக் குழலுக்கு விலை விசாரிப்பார். இல்லாவிட்டால் தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பிப்பார். இரண்டாவதுதான் அதிகச் செலவு வைப்பது.

அந்த 'நேற்றுவரை' என்பதையே முதலில் கேள்வி கேளுங்கள். எத்தனை தோட்டாக்களை வைத்துச் சொல்கிறார்? பெரும்பாலும் மூன்று. ஒரே ரைபிள், ஒரே தோட்டா, ஒரே கை என்றாலும், மூன்று தோட்டா குரூப்பின் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டம்) சராசரி அகலம் பத்துத் தோட்டா குரூப்பின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. தற்செயல் சிதறலின் கணக்கு அப்படி. அதோடு, அடுத்தடுத்துச் சுட்ட மூன்று தோட்டா குரூப்கள் இரண்டில் ஒன்று மற்றொன்றைப்போல் இரு மடங்கு இருந்தாலும் ரைபிளில் எதுவும் மாறவில்லை என்றே பொருளாகலாம். கைப்பேசியில் பத்திரமாக வைத்திருக்கும் அந்த அழகான மூன்று துளைப் படம், அன்றைய அதிர்ஷ்டத்தின் படம். பத்துத் தோட்டா குரூப்பாக நாலைந்து சுட்டு, துளைகள் மையத்திலிருந்து சராசரியாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்தபிறகுதான் கோளாறு இருக்கிறதா என்ற பேச்சே எழ வேண்டும்.

கோளாறு உண்மைதான் என்று தெரிந்தால், அடுத்து அளவை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். பயிற்சியாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை.

மேலும் கீழுமாக நீண்ட குரூப் என்றால் முதலில் தோட்டாவின் வேகம். .22 (குழல் விட்டம், அங்குலத்தில்) போட்டித் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. அதில் 10 மீட்டர் குறைந்தால், 50 மீட்டர் தொலைவில் குண்டு சுமார் 7 மி.மீ. கீழே விழும். அந்தத் தொலைவுப் பன்னாட்டு ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். ஆக, சுட்டவர் அணுவளவும் பிசகாமல் சுட்டிருந்தாலும், தோட்டாவே அவரைப் பத்தின் விளிம்புக்குத் தள்ளிவிட முடியும். வேகமானியில் எண்கள் ஒரே சீராக இருந்து, குரூப் மட்டும் நீளமாக இருந்தால் மூச்சு அடங்கும் இடத்தையும் முன்தாங்கியையும் கவனியுங்கள்.

பக்கவாட்டில் சிதறினால் காற்று, இல்லாவிட்டால் விசையை இழுக்கும் விரல். காற்றுக்கு ஓர் அடையாளம் உண்டு. வலப்புறமாகச் சுழலும் குண்டைக் காற்று நேராகப் பக்கவாட்டில் மட்டும் தள்ளாது. இடப்புறம் போவது சற்று மேலேயும், வலப்புறம் போவது சற்றுக் கீழேயும் விழும். கடிகார முகத்தில் பத்து மணியிலிருந்து நான்கு மணிக்குக் கோடு போட்டதுபோல் துளைகள் சாய்ந்திருந்தால் ரைபிளைக் கழற்ற வேண்டாம், காற்றுக்கொடியைப் பாருங்கள்.

குழல் சூடாகச் சூடாகத் துளைகள் ஒரே திசையில் நகர்ந்தால் குழலின் உலோகத்தில் தங்கிய உள்ளழுத்தமோ, எங்கோ ஓர் உரசலோ இருக்கலாம். இரண்டு தனித்தனிக் கொத்துகளாக விழுந்தாலோ, ஏதோ ஒன்று இரண்டு இடங்களில் மாறி மாறி உட்காருகிறது என்று சந்தேகப்படுங்கள். அது ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையமாகவும் இருக்கலாம், தோட்டாவை ஏற்றி வெடிக்கும் இயங்குபகுதியான ஆக்‌ஷனைப் பிடித்திருக்கும் திருகாகவும் இருக்கலாம்.

திருகைச் சோதிக்கக் கம்மியர் வேண்டியதில்லை. குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறையில் எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, அந்த அறையை மூடும் போல்ட்டை உருவிவிடுங்கள். ரைபிளை நிமிர்த்திப் பிடித்து, ஸ்டாக்கின் (ரைபிளின் அடிக்கட்டை) முனையும் குழலும் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் தொடுமாறு விரல்நுனியை வையுங்கள். மறுகையால் முன்திருகை மெதுவாகத் தளர்த்துங்கள், பிறகு இறுக்குங்கள். விரலுக்கடியில் குழல் நகர்வது தெரிந்தால் ஆக்‌ஷன் சரியாகப் படியவில்லை; இறுக்கும்போதெல்லாம் அது வளைகிறது. எதுவும் நகராவிட்டால், தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கு, அளவுகாட்டும் திருப்புளியால் முடுக்கிவிட்டு அடுத்த சோதனைக்குப் போகலாம். 'கைக்கு இறுக்கமாக' என்பது அளவே அல்ல. கைக்குக் கை அது மாறும்.

குழலின் வாய்விளிம்பை ஒரு பஞ்சுக்குச்சியால் உள்ளிருந்து வெளியே இழுத்தபடி சுற்றிவந்தால் போதும். எங்கே பஞ்சிழை சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. ரைபிளை அசையாமல் தாங்கிவைத்துத் தலையை மட்டும் அசைக்கும்போது குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்ந்தால், ஸ்கோப்பின் தொலைவுச் சீரமைப்பு சரியில்லை. .22 ரைபிளில் அறைக்குச் சற்று முன்னால் வளையமாகப் படியும் கரி பலருக்குத் தெரியாத வில்லன். துணியை ஒருமுறை உருவி எடுத்துவிட்டுச் 'சுத்தம் செய்தாயிற்று' என்பவர்களிடம் அது சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். தோட்டாவை மாற்றி, திருகை முடுக்கி, குழலையும் கழுவிவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்பவருக்கு எது சரியானது என்று தெரியாது. அடுத்தமுறை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

மனம், உடல் நிலை, விசை இழுப்பு ஆகியவற்றில் குறையே இருக்காது என்று நான் வாதிடவில்லை. நிறைய இருக்கும். கண்ணை மூடி, மூச்சுவிட்டுத் திறக்கும்போது குறி இலக்கைவிட்டு விலகியிருந்தால், ரைபிளைத் தசையால் இழுத்துப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் அதையும் நிரூபியுங்கள். அதே ரைபிளைத் தேர்ந்த இன்னொருவரிடம் கொடுங்கள். நம்பகமான இன்னொரு ரைபிளை இவரிடம் கொடுங்கள். சிதறல் ரைபிளோடு போகிறதா, ஆளோடு போகிறதா என்று ஒரு காலைப்பொழுதில் தெரிந்துவிடும்.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவில்லாதவை. ஆடாத ஒரு மேசை, மணல்பைகள், முறுக்கு அளவுகாட்டும் திருப்புளி, சோதனைக்கென்றே ஒதுக்கிவைத்த ஒரு நல்ல ஸ்கோப். ரைபிளுக்கு ஒரு பதிவேடு: தோட்டாவின் தொகுதி எண், சுட்ட எண்ணிக்கை, கழுவிய நாள், திருகின் அளவு. கடைசியாகத் தோட்டா. ஒரே பெயர், ஒரே பெட்டி என்றாலும் தொகுதிக்குத் தொகுதி அது மாறும். ஒரு குழலுக்குப் பிடித்தது பக்கத்துக் குழலுக்குப் பிடிக்காது. ஈலே, லபுவா போன்ற தயாரிப்பாளர்கள், வீரர்கள் தங்கள் ரைபிளையே கொண்டுவந்து தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்க்கச் சோதனைக்கூடங்கள் நடத்துவது இதற்காகத்தான். மொத்தமாகப் பெட்டி பெட்டியாக வாங்கி எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவது நிர்வாகத்துக்கு வசதி. அடுத்த கொள்முதலுக்கு முன்பாவது, மூன்று நான்கு தொகுதிகளில் சிறிதளவு தருவித்து, ஒவ்வொரு ரைபிளிலும் சுட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். தொகுதி மாற்றும்போது புதுத் தோட்டாவின் மெழுகுப் பூச்சு குழலில் படியச் சில தோட்டாக்கள் பிடிக்கும். அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
மன்றத்து ரைபிள்களைக் கழற்றி மாட்டும் ஓர் உறுப்பினர்