அரையாண்டு விடுமுறைக்குப் பின் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் குறித்தபடி நடந்து முடிந்து, திருத்திய விடைத்தாள்கள் மாணவர்களிடம் வழங்கப்பட்டுவிட்டன. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் பரிசு பெற்றார்கள். கபடி அணி வழக்கம்போல் நன்றாக ஆடியது. நெடுநாளாகப் பழுதாகிக் கிடந்த குடிநீர்த் தொட்டி சரிசெய்யப்பட்டது. உழைத்த அனைவருக்கும் நன்றி.

இனி, இக்கடிதம் எழுத நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன். விடுமுறைக்கு முந்தைய வாரம் ஆறாம் வகுப்புப் பெற்றோர் சிலர் கையொப்பமிட்ட மனு ஒன்று என்னிடம் வந்தது. வகுப்பில் ஒரு மாணவன் இருக்கையில் உட்காருவதில்லை, மற்றவர்களின் பொருள்களை எடுக்கிறான், பாடம் நடக்கும்போது குறுக்கே பேசுகிறான், ஆகவே அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்பது அதன் சாரம். மனுவில் உள்ள வருத்தம் நியாயமானது. உங்கள் மகளின் சாப்பாட்டுப் பாத்திரம் தட்டிவிடப்பட்டால் உங்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அதனால் மதிய இடைவேளையில் அவ்வகுப்புக்கென ஓர் ஆசிரியரை நியமித்திருக்கிறேன், இருக்கைகளும் மாற்றப்பட்டுள்ளன.

அந்த மாணவனுக்கு ஏதேனும் குறைபாடு இருக்கிறதா இல்லையா என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் பிள்ளையைப் பற்றியும் இன்னொரு வீட்டுக்கு நான் எழுதமாட்டேன். பொதுவாகச் சில செய்திகளை மட்டும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு, ஏறத்தாழ 100 குழந்தைகளில் 5 பேருக்கு இருப்பதாக மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. நம் வகுப்பறைகளின் அளவுக்கு, அறைக்கு ஒருவர் அல்லது இருவர் இருக்கக்கூடும். வளர்ப்பு சரியில்லாததால் வருவதல்ல இது. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவது, தன் முறை வரும்வரை பொறுப்பது, நினைத்ததை உடனே செய்துவிடாமல் அடக்குவது ஆகிய வேலைகளை மூளை நடத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு. "கைபேசியில் மட்டும் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறானே, அது எப்படி?" என்று பல பெற்றோர் கேட்டிருக்கிறீர்கள். குறைபாடு கவனம் இல்லாததில் அல்ல, அதை நாம் விரும்பும் பக்கம் திருப்புவதில்தான் இருக்கிறது. நொடிக்கு நொடி மாறும் திரை தானாகவே கவனத்தை இழுத்துக்கொள்ளும். பின்ன வகுத்தல் இழுக்காது. "நானும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தேன், பிறகு சரியாகிவிட்டது" என்று அப்பாக்கள் சொல்வதும் உண்டு. இது குடும்ப வழியாக வருவது மிக அதிகம் என்பதால், அந்தப் பதிலே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல்.

துறுதுறுப்பான குழந்தை ஒவ்வொன்றுக்கும் இப்பெயரைச் சூட்டிவிட முடியாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமேனும் நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ இதைக் கண்டறிய முடியாது. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதைக் கேட்டும், குழந்தையை நேரில் பார்த்தும்தான் மருத்துவர் முடிவு செய்வார். ஆகவே பள்ளியில் தரப்படும் படிவத்தில் "வீட்டில் ஒரு தொந்தரவும் இல்லை" என்று கௌரவத்துக்காக எழுதிக் கொடுப்பது குழந்தைக்குச் செய்யும் உதவி ஆகாது. பெண் குழந்தைகளில் பலர் ஓடியாடாமல் சன்னலைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார்கள். யாருக்கும் இடையூறு இல்லாததால் அவர்களைப் பற்றி மனு எதுவும் வருவதில்லை.

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடும் இப்படித்தான் கண்ணில் படாமல் போகிறது. நான் தமிழாசிரியராக இருந்தவன் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். 'கொடி' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக்கொம்பு. காதுக்கு முதலில் கேட்பதோ ககர ஒலி. கொம்பையும் துணைக்காலையும் சேர்த்துப் பிடித்து, ஒரே ஒலியாக்கி, ககரத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். நாம் யோசிக்காமல் செய்யும் இந்த வேலையில் சில குழந்தைகள் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுகிறார்கள். கொம்பைத் தவறவிட்டு 'காடி' என்கிறார்கள், காலைத் தவறவிட்டு 'கெடி' என்கிறார்கள். ரகர றகர மயக்கம் எல்லோருக்கும் வருவது, அது வேறு. இக்குழந்தைகளின் அறிவுக்கு எந்தக் குறையும் இல்லை. வாய்மொழியாகக் கேட்டால் முழுப் பதிலும் வரும். நான் பணியில் சேர்ந்த புதிதில் அப்படிப்பட்ட ஒரு மாணவனைச் சோம்பேறி என்று எண்ணி, ஒரு பருவம் முழுக்க வகுப்புக்கு வெளியே முழங்காலில் நிற்க வைத்தேன். அப்போது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பது காரணமாகலாம், நியாயமாகாது.

மேல்வகுப்புப் பெற்றோருக்கு ஒரு சொல். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சலாகவும், எதிர்த்துப் பேசுவதாகவும், மதிப்பெண் சரிவாகவும், நண்பர்களை விட்டு விலகுவதாகவும் வரும். பதற்றம் பெரும்பாலும் வயிற்றுவலியாக, அதுவும் திங்கட்கிழமைகளில் வரும். அந்த வலி நடிப்பல்ல, உண்மையாகவே வலிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் 7 பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலுடன் வாழ்கிறார். கோயிலுக்கு அழைத்துச் சென்று கயிறு கட்டுவதை நான் தடுக்கவில்லை. மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள் என்றே கேட்கிறேன்.

இப்போது சற்றுக் கண்டிப்பாக எழுத வேண்டியிருக்கிறது. மனு வந்த அன்று இரவு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்த மாணவனின் பெயரைச் சொல்லி ஒரு குரல்பதிவும், பள்ளி வாயிலில் எடுத்த காணொளியும் பகிரப்பட்டன. "பைத்தியம்" என்ற சொல்லும், அவன் தாயின் வளர்ப்பைப் பற்றிய பேச்சும் அதில் இருந்தன. 11 வயதுக் குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் பேசிய பேச்சு அது. இதைப் பள்ளி ஒருபோதும் ஏற்காது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. எத்தனை பேர் கையெழுத்திட்டாலும் அதுவே என் பதில். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 அங்கீகரிக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் மனநோயும் உள்ளன. அச்சட்டத்தின் கீழ் வரும் ஒருவரைப் பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், 6 மாதத்துக்குக் குறையாத, 5 ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. அந்தப் பதிவுகளை அனுப்பியவர்களும் மேலும் பகிர்ந்தவர்களும் உடனே அழித்துவிட வேண்டும். இனி ஒருமுறை நிகழ்ந்தால், மேலதிகாரிகளுக்கு எழுத்துமூலம் தெரிவிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

"கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உரித்துவிடுங்கள், சார்" என்று அன்போடு அனுமதி தரும் பெற்றோருக்கும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அதே 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடைசெய்கிறது. நம் ஆசிரியர்களும் இதை நினைவில் கொள்ளுமாறு கூட்டத்தில் கூறியிருக்கிறேன்.

உங்கள் பிள்ளையைக் குறித்து ஐயம் இருந்தால், முதலில் வகுப்பாசிரியரிடம் தனியே பேசுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க நாங்கள் ஏற்பாடு செய்வோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்தில் 18 வயது வரை கட்டணமின்றிப் பரிசோதிப்பார்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்று வேண்டும் என்பதால், பத்தாம் வகுப்பின் கடைசி மாதத்தில் ஓடி வராமல், ஒன்பதாம் வகுப்பிலேயே என்னைப் பாருங்கள்.

மனுவில் கையெழுத்திட்டவர்களில் இருவர் விடுமுறையிலேயே என்னை நேரில் சந்தித்து, தங்கள் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒருவர், அந்த மாணவனும் தன் மகனும் ஒரே தெருவில்தான் விளையாடுகிறார்கள் என்றும், இனி இருவரையும் சேர்த்தே பள்ளிக்கு அழைத்து வருவதாகவும் சொன்னார். அவ்விருவருக்கும், குழுவில் அன்றிரவே "இப்படிப் பேசாதீர்கள்" என்று எழுதிய அந்தத் தாய்க்கும் என் மனமார்ந்த நன்றி. வருத்தத்தை மறைக்காமல் எழுதி என்னிடம் கொண்டுவந்த மற்றவர்களுக்கும் நன்றி. உங்கள் பிள்ளைகளின் படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆறாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் நடைபெறும். சிறப்புப் பயிற்றுநர் வந்து உங்கள் கேள்விகளுக்குப் பதிலளிப்பார். எந்த மாணவனின் பெயரும் அங்கே பேசப்படாது. கீழே உள்ள சீட்டில் கையொப்பமிட்டு வியாழக்கிழமைக்குள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்