வாடகைக் கடைக்கு ஒரு ஆப்: மச்சானுக்குக் கடிதம்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. இஞ்ச எல்லாரும் சுகம். சோழகக் காத்துத்தான் புழுதியை வாரி வீட்டுக்குள்ள கொட்டுது. நல்லூர்க் கொடி ஏறமுதல் கடைக்கு ஆப் ஓடவேணும் எண்டு எழுதியிருக்கிறாய். ஓடும், ஆனால் உன்ர பெறாமகன் தொடங்கின விதத்தில ஓடாது. "வாடகைச் சாமான் கடைக்கு வடிவான ஆப் ஒண்டு செய்து தா" எண்டு ஏஐ கருவிக்கு ஒரு வரி அடிச்சால் அது வடிவாய்த்தான் செய்து தரும். கணக்கை அவன் கேக்கேல்லையே.

சொல்லாமல் விட்டதையெல்லாம், சொல்லச் சொல்ல ஆப் எழுதித் தாற உந்த ஏஐ கருவிகள் தாங்களே ஊகிச்சு நிரப்பும். லவபிள், போல்ட், ரெப்லிட் எதெண்டாலும் கதை ஒண்டுதான். ஊகிக்கேக்க அதின்ர மனசில இருக்கிறது பலசரக்குக் கடை. அங்க சாமான் வித்தால் இருப்புக் குறையும், அவ்வளவுதான். அதால கதிரைக்கு "இருப்பு 300" எண்டு ஒரே ஒரு எண்ணை வைச்சு, பதிவு வந்த உடன அதில கழிச்சுப்போடும். செப்டெம்பர்க் கலியாணத்துக்கு இண்டைக்கு 200 கதிரை பதிஞ்சால், நாளைக்கு வாற அந்தியேட்டிக்காரரிட்ட 100 தான் இருக்கெண்டு சொல்லும். கதிரை முழுக்க உன்ர கொட்டிலுக்குள்ள அடுக்கினபடி கிடக்கும்.

இதைச் சொன்ன உடன திருத்தும். ஆனால் திருத்தினதிலயும் ஒரு பொறி இருக்கு, பெறாமகனுக்குக் கட்டாயம் காட்டு. கேட்ட திகதிகளோட முட்டுற பதிவுகளை எல்லாம் எடுத்துக் கூட்டி, மொத்தத்தில கழிக்கும். 4, 5ஆம் திகதிக்கு ஒருத்தர் 200 எடுக்கிறார். 7, 8க்கு இன்னொருத்தர் 200. இப்ப மூண்டாவது ஆள் 4 தொடக்கம் 8 வரை 100 கேக்கிறார். கூட்டிக் கழிச்சால் 300இல 400 போய், "இல்லை" எண்டு சொல்லும். உண்மையில எந்த ஒரு நாளிலயும் 200க்கு மேல வெளியில இல்லை; அவருக்கு 100 தாராளமாய்க் குடுக்கலாம். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாய்க் கூட்டி, அதில கூடின நாளின்ர தொகையை மொத்தத்தில கழிக்கவேணும். இந்த வசனத்தை அப்பிடியே கட்டளையில எழுது.

முதல் கட்டளையிலேயே கோட் எழுத விடாதை. இப்பிடித் தொடங்கச் சொல்லு:

"இப்போது கோட் எழுதாதே. யாழ்ப்பாணத்தில் கதிரை, மேசை, தகரப்பந்தல், கிடாரம் வாடகைக்குக் கொடுக்கும் கடை. இரண்டு பேர் போனில் பாவிப்பார்கள். என் விதிகள் கீழே. விளங்காததை என்னிடம் கேள். பிறகு திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுது. நான் சரி சொன்ன பிறகு தொடங்கு."

அதுக்குக் கீழ உன்ர விதிகள். திரும்பி வாற நாளையும் வெளியில இருக்கிற நாளாய்க் கணக்கெடுக்கிறதோ? கிடாரம் கழுவிக் காய ஒரு நாள் கழிச்சுத்தான் அடுத்த ஆளுக்குக் குடுப்பியோ? முற்பணம் எவ்வளவு, உடைஞ்ச கதிரைக்கு எவ்வளவு பிடிப்பாய்? உனக்கு மனப்பாடம் எண்டதால எழுதத் தோணாது, ஆனால் வேலையே அதுதான். தமிழில எழுதினால் போதும். திரை தமிழில, தரவுத்தளத்து அட்டவணை, நிரல் (கொலம்) பெயர்கள் ஆங்கிலத்தில இருக்கட்டும் எண்டு மட்டும் சொல்லிவிடு.

அது கேள்வி கேட்டுத் திட்டம் தந்தால் மூண்டு விசயம் பார். வாடகை விலை பதிவு வரியிலயும் எழுதப்படுகுதோ? சாமான் அட்டவணையில மட்டும் இருந்தால், தை மாசம் நீ விலை கூட்டின உடன போன வருசப் பற்றுச்சீட்டெல்லாம் கூடிப்போகும். குடுத்தது, நல்லாய் வந்தது, உடைஞ்சது அல்லது காணாதது எண்டு மூண்டு எண்ணும் தனித்தனியாய் இருக்குதோ? போன் இலக்கம் எழுத்தாய்ச் சேமிக்கப்படுகுதோ? எண்ணாய்ச் சேமிச்சால் 077இன்ர முன் சைபர் பறந்திடும். மற்றது, ரத்தான பதிவை அழிக்காமல் "ரத்து" எண்டு குறிக்கச் சொல்லு. முற்பணத் தகராறு வந்தால் பழைய பதிவு வேணும்.

திகதியில இன்னொரு சில்லெடுப்பு. காலமை நாலு மணிக்கு லொறியில ஏத்தேக்க பதிஞ்சால், முதல் நாள் திகதி விழும். எங்கட நேரம் உலகப் பொது நேரத்திலயிருந்து 5 மணி 30 நிமிசம் முன்னுக்கு. உந்த ஆப்புகளை எழுதுற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில வழமையாய் எழுதுற ஒரு வரி அந்தப் பொது நேரத்துத் திகதியைத்தான் எடுக்கும். அதால காலமை ஐந்தரைக்கு முதல் பதியிறதெல்லாம் பிழைக்கும், பகலில எவ்வளவு சோதிச்சாலும் பிடிபடாது. "எல்லாத் திகதியும் ஆசியா/கொழும்பு நேரத்தில்" எண்டு முதலே எழுது.

பற்றுச்சீட்டுக்கு ஒரு சின்னத் தேர்மல் பிறிண்டர் வாங்கப் போறன் எண்டாய். 58 மில்லிமீற்றர்த் தாள் காணும். ஆனால் உந்த மலிவு பிறிண்டருக்குள்ள தமிழ் எழுத்து இல்லை. எழுத்தாய் அனுப்பினால் கேள்விக்குறிதான் வரும். பற்றுச்சீட்டை 384 புள்ளி அகலப் படமாக்கி அனுப்பச் சொல்லு. பீடிஎஃப் எடுக்க அது வழமையாய்ப் போடுற ஜேஎஸ்பீடிஎஃப் எண்ட ஆயத்தக் கோட் தொகுப்பில கொம்பும் காலும் இடம் மாறி விழும். பிரவுசரின்ர அச்சிடும் வசதியால எடுத்தால் சரியாய் வரும்.

தேடுறதிலயும் தமிழ் மாட்டும். "கொடிகாமம்" எண்டதில வாற ஒகரக் குறியை யூனிகோட்டில ஒரே குறியாயும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் எண்டு இரண்டாயும் வைக்கலாம். கண்ணுக்கு ஒண்டுதான், கொம்பியூட்டருக்கு வேற வேற. சேமிக்கேக்கயும் தேடேக்கயும் என்எஃப்சி எண்ட, ஒரே குறியாய்ச் சேர்க்கிற வடிவத்துக்கு மாத்தச் சொல்லு.

இனி வேலை நடக்கிற விதம். ஒரு கட்டளைக்கு ஒரு வசதி: முதல் சாமான் பட்டியல், பிறகு பதிவு, பிறகு இருப்புக் கணக்கு, கடைசியாய்க் காசு. ஒவ்வொண்டும் வேலை செய்த உடன கிட்டில (கோட்டின்ர பழைய நிலைகளைச் சேமிச்சு வைக்கிற கருவி) கொமிட் போட வை, அதாவது அந்த நிலையைச் சேமிக்க வை. பிழை வந்தால் "வேலை செய்யேல்லை" எண்டு எழுதிப் பிரயோசனமில்லை. எந்தப் பொத்தானை அமத்தினது, என்ன வரவேணும், என்ன வந்தது, சிவப்பு எழுத்தில வந்த செய்தி முழுக்க, இவ்வளவும் ஒட்டவேணும். மூண்டு தரம் சொல்லியும் அதே பிழை நிண்டால் நிப்பாட்டி, கடைசி நல்ல கொமிட்டுக்குத் திரும்பி, புது உரையாடல் தொடங்கு. பழைய உரையாடலில பிழைச்ச முயற்சிகள் நிறைஞ்சிருக்கும். அது அதுகளுக்கு மேலேயே ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கும். "சோதனை எல்லாம் சரி" எண்டு அது சொன்னால், சோதனையை மாத்தினதோ கணக்கை மாத்தினதோ எண்டு பார். சோதனையை மாத்திச் சமாளிக்கிற குணமும் அதுக்கு இருக்கு.

இருப்புச் சரிபார்ப்பு திரையில மட்டும் நடக்கக் கூடாது. நீ கடையிலயும் தம்பி லொறியிலயும் ஒரே நேரம் கடைசி 100 கதிரையைப் பதிஞ்சால், இரண்டு பேருக்கும் "இருக்கு" எண்டு காட்டும். தரவுத்தளத்துக்குள்ளேயே, இடையில மற்றவரின்ர பதிவு புகாதபடி, ஒரே பரிவர்த்தனையாய்ப் பார்த்துப் பதியவேணும்.

பாதுகாப்பில ஆக்கள் அசட்டை. சுபாபேஸ் எண்ட இணையத் தரவுத்தளச் சேவையைப் பாவிக்கிறதெண்டால், எந்த வரியை ஆர் பார்க்கலாம் எண்டு கட்டுப்படுத்துற வரி மட்டப் பாதுகாப்பைப் போடாட்டில், இணையத்தில ஆரும் உன்ர வாடிக்கையாளர் பட்டியலை வாசிக்கலாம். பிரவுசருக்குப் போற திறப்பு எல்லாருக்கும் தெரியிற திறப்புத்தான். அந்தப் பாதுகாப்பையும் தாண்டிப் போற "சேர்விஸ் ரோல்" எண்ட மற்றத் திறப்பு பிரவுசர்ப் பக்கம் போகவே கூடாது. லொகின் செய்யாமல், பொதுத் திறப்போட மட்டும் ஒவ்வொரு அட்டவணையையும் வாசிக்கப் பார். ஒரு வரியும் வரக் கூடாது. அடையாள அட்டைப் படங்களை அதில ஏத்தாதை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. சட்டம் இல்லாட்டிலும் உனக்கேன் அந்தப் பாரம்?

சோதனைக்கு ஒரு தரவுத்தளம், கடைக்கு ஒண்டு, வேற வேறயாய் வை. 2025 ஜூலையில அமெரிக்காவில ஜேசன் லெம்கின் எண்டவர், ஒண்டையும் மாத்தாதை எண்டு சொல்லியும், ரெப்லிட்டின்ர ஏஐ முகவர் அவரின்ர உண்மையான தரவுத்தளத்தை அழிச்சுப்போட்டுது. கிழமைக்கு ஒருக்கா எல்லாத் தரவையும் சிஎஸ்வியாய் (எக்செலில திறக்கக் கூடிய எழுத்துக் கோப்பு) இறக்கி வை. எக்செலில தமிழ் சிதறினால், கோப்பின்ர தொடக்கத்தில எழுத்து வகையை எக்செலுக்குக் காட்டுற யூடிஎஃப்-8 பொம் குறி போடச் சொல்லு.

முதல் மாசம் கொப்பியும் ஆப்பும் சேர்ந்து ஓடட்டும். போன வருசம் தண்ணீர்ப்பந்தல்காரர் எல்லாம் ஒரே கிழமையில கிடாரம் கேட்ட பக்கங்களை வட்ஸ்அப்பில அனுப்பு, பெயர், இலக்கங்களை மறைச்சுப்போட்டு. அதை வைச்சே சோதனைக் கணக்கு எழுதலாம். வீட்டில எல்லாரையும் கேட்டதாய்ச் சொல்லு.

அன்புடன்,
உன்ர பழைய வாங்குக் கூட்டாளி