பாம்பர் ஜாக்கெட்டின் உட்புறத்தையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமானப்படையிலிருந்து வந்த, இடுப்போடு நிற்கிற பாம்பர் ஜாக்கெட்டை இன்றைய டிசைனர்கள் எப்படியெல்லாம் மாற்றித் தருகிறார்கள் என்று போன ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் தையலைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வருவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் எந்த நடிகர் போட்டார், என்ன விலை, இந்த வருடம் எந்த நிறம் என்றே அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. அந்த ஜாக்கெட்டுக்கு ஏன் மடிப்புக் காலர் இல்லை, ஏன் இடுப்போடு நின்றுவிடுகிறது, உள்ளே ஏன் ஆரஞ்சு நிறத் துணி என்று ஒரு வரி கூட இல்லை. அது தெரியாமல், டிசைனர் செய்தது நல்ல மாற்றமா வெறும் அலங்காரமா என்று வாசகர் எப்படி முடிவு செய்வார்?

நான் சென்னையில் ஏற்றுமதி கார்மென்ட் கம்பெனிகளில் 20 வருடத்துக்கு மேல் பேட்டர்ன் மாஸ்டராக, அதாவது துணியை வெட்டுவதற்கான அளவு வடிவம் போடுகிறவனாக இருந்தவன். இந்த ஜாக்கெட்டைப் பல தடவை பிரித்துப் பார்த்து சாம்பிள் போட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பறந்த பி-17 போன்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில், இன்றைய பயணிகள் விமானம் மாதிரி காற்றழுத்தமும் சூடும் உள்ளே இருக்காது. 25,000 அடிக்கு மேலே போனால் குளிர் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும், பக்கவாட்டில் நின்று துப்பாக்கி பிடிப்பவர்களுக்கு ஜன்னலே திறந்திருக்கும், விரல்கள் உறைந்து போனவர்கள் ஏராளம். அதற்காகத்தான் உள்ளே உரோமம் வைத்த தடித்த ஆட்டுத்தோல் ஜாக்கெட். போர் முடிந்து ஜெட் விமானம் வந்ததும் கதை மாறியது. விமானி உட்காரும் இடம் குறுகிவிட்டது, அந்தப் பெரிய தோலோடு உள்ளே அசைய முடியாது. தரையில் மழையிலோ வியர்வையிலோ நனைந்த தோல் மேலே போனதும் விறைத்துப் பனிக்கட்டி மாதிரி ஆகிவிடும். அப்படித்தான் நைலான் வந்தது. போரின் கடைசியில் வந்த பி-15 ஜாக்கெட்டில் உரோமக் காலர் இருந்தது, அது பாராசூட் பட்டையில் இடித்துத் தொந்தரவு கொடுத்ததால் அதை எடுத்துவிட்டு ரிப் என்கிற, இழுத்தால் நீளும் பின்னல் பட்டையை வைத்தார்கள். 1950-ஐ ஒட்டி வந்த அந்த வடிவத்துக்குப் பெயர் எம்.ஏ-1. உங்கள் கட்டுரையில் இருந்த படங்களில் பெரும்பாலானவை இதன் பிள்ளைகள்தான்.

முதலில் அது கருநீல நிறம், பிறகுதான் காட்டோடு கலந்து போகிற மாதிரி சாம்பல் கலந்த பச்சை ஆனது. உள்ளே ஆரஞ்சு லைனிங் வந்தது 1960 வாக்கில். விமானம் விழுந்து, உயிரோடு தரையில் கிடக்கிற விமானி ஜாக்கெட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும், தேடி வருகிறவர்களின் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு தூரத்திலிருந்தே படும். ஒரு துணியின் நிறத்தை நம்பி ஒரு ஆள் காட்டில் காத்திருந்திருக்கிறான் என்று முதல் முறை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இன்றைக்கும் ஆரஞ்சு லைனிங்கைக் கையில் எடுத்தால் அதே ஞாபகம்தான். இடது கையில் இருக்கிற ஜிப் பாக்கெட், பேனா செருக. உட்கார்ந்தபடியே, பட்டைகளுக்கு நடுவில் கை எட்டுகிற இடம் அதுதான். நீளம் இடுப்போடு நிற்பதும் நாற்காலியில் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிற உடம்புக்காகத்தான். கடைசியில் அந்த நைலானையும் ஒதுக்கினார்கள், தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டும் என்பதால். 1970-களில் நோமெக்ஸ் என்ற தீ தாங்கும் துணியில் வேறு ஜாக்கெட் வந்துவிட்டது.

சரி, டிசைனர்களுக்கு வருகிறேன். நான் மாற்றத்துக்கு எதிரி கிடையாது. ஆஸ்திரியாக்காரர் ஹெல்முட் லாங் 1990-களின் கடைசியில் செய்த பாம்பரின் உள்ளே இரண்டு பட்டைகள் உண்டு. ஜாக்கெட்டைக் கழற்றினால் அந்தப் பட்டைகளில் தோளை நுழைத்து முதுகுப் பை மாதிரி சுமந்துகொண்டு நடக்கலாம், கை இரண்டும் காலியாக இருக்கும். அதைப் பார்த்ததும் பாராசூட் பட்டைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பெல்ஜியத்தின் ராஃப் சைமன்ஸ் 2001 குளிர்காலத் தொகுப்பில் பாம்பரைப் பல மடங்கு பெரிதாக்கினார், ஒல்லிப் பையன்கள் அதற்குள் காணாமல் போன மாதிரி நடந்து வந்தார்கள். குறுகின இடத்துக்காக இறுக்கமாக வெட்டிய ஒரு துணியை அவர் தலைகீழாக்கி, பயந்த பிள்ளைகள் ஒளிந்துகொள்கிற இடமாக ஆக்கினார் என்றுதான் எனக்குப் படுகிறது. பிரிட்டனில் ஸ்கின்ஹெட் என்கிற மொட்டைத்தலை இளைஞர் கூட்டம் இதே ஜாக்கெட்டை முரட்டுத்தனத்தின் சீருடையாக்கியிருந்ததையும் சேர்த்து யோசித்தால் அந்த மாற்றம் இன்னும் கனமாகத் தெரியும். ஜப்பானின் சகாய் நிறுவனத்தில் சிட்டோசே அபே முன்னாலிருந்து பார்த்தால் எம்.ஏ-1, பின்னால் திரும்பினால் வேறொரு உடை என்று இரண்டு பேட்டர்னை ஒன்றாக்குகிறார். ஒரு மாஸ்டராகச் சொல்கிறேன், அந்தப் பக்கத் தையலில் இரண்டு துணியும் வேறு வேறு விதமாக இழுக்கும், அதைச் சுருக்கம் விழாமல் சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

இவர்கள் எல்லாம் அந்த ஜாக்கெட்டைப் படித்துவிட்டு மாற்றியவர்கள். என் வருத்தம் படிக்காமல் மாற்றுவதில். சில வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கிற கம்பெனிக்கு சாம்பிள் போட்டோம், பெயர் வேண்டாம். கை பாக்கெட்டுக்கு ஜிப் மட்டும் வை, உள்ளே பை வேண்டாம், மேலே தைத்து மூடிவிடு என்று சொன்னார்கள். பாக்கெட் பைத் துணிக்கு ஆகிற செலவு ஒரு டீக் காசு கூட இருக்காது. முன் பாக்கெட் மூடியில் அழுத்தி மூடுகிற டிச் பட்டன் இருந்தது, அதற்குக் கீழே திறப்பு இல்லை. ஆரஞ்சுக்குப் பதில் கறுப்பு சாட்டினில் பிராண்ட் பெயரை அச்சடித்த லைனிங். ரிப்பை உடம்பின் அளவை விடக் குறைத்து வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைத்தால்தான் இடுப்பில் கவ்வும், காற்று உள்ளே ஏறாது. அதையும் மெலிதான பாலியஸ்டரில் சமமான அளவில் போடச் சொன்னார்கள், அப்புறம் நாலு தடவை துவைத்தால் அது தொங்கிப் போகும் என்று நான் சொன்னேன், போட்டோவில் தெரியாது என்று பதில் வந்தது. என்னோடு இருந்த டெய்லர் அம்மா ஒருவர் மூடின ஜிப்பை இழுத்துப் பார்த்துவிட்டு "இது எதுக்கு மாஸ்டர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த மாதிரி ஜாக்கெட் எங்கேயோ ஒரு கடையில் நல்ல விலைக்குப் போயிருக்கும், வாங்கின பிள்ளை பேனா செருகப் பார்த்து ஏமாந்திருக்கும். உங்கள் கட்டுரையில் "மினிமல்" என்று பாராட்டியிருந்த இரண்டு படங்களில் கை பாக்கெட்டே இல்லை. எடுத்துவிடலாம், தப்பில்லை, ஆனால் எதை எடுத்தார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

வாங்க நினைக்கிற இளைஞர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். கடையில் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். திருப்பினாலும் போட முடிகிறதா, அந்தப் பக்கமும் பாக்கெட் வேலை செய்கிறதா, ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் பட்டை இருக்கிறதா, ரிப்பை இழுத்து விட்டால் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். நைலானில் ஊசி போட்ட ஓட்டை மறையாது, பிரித்துத் தைத்திருந்தால் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படி ஒரு பக்கம் போடும்போது ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் உட்புறப் படம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள், முடிந்தால் அதை வெட்டின மாஸ்டரிடமும் தைத்த டெய்லரிடமும் நாலு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேட்டர்ன் மாஸ்டர்,
தாம்பரம்