840 என்று வந்ததுமே நீ நின்றிருக்க வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். ஹாஸ்டல் சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்வோம். இது முழுக்கக் கணக்குக் கடிதம். ரஃப் தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

நீ அனுப்பிய ஜே.இ.இ. மெயின் (பொறியியல் நுழைவுத் தேர்வு) மாதிரித் தேர்வுத் தாளைப் பார்த்தேன். விடையை எண்ணாகவே தட்டச் சொல்லும் ஐந்து கேள்விகளில் மூன்று தப்பு. மூன்றும் உனக்குத் தெரிந்த பாடம்தான், சூத்திரத்திலும் பிழை இல்லை. ஒன்றையே பல தடவை எண்ணியிருக்கிறாய், அல்லது எண்ண வேண்டியதை விட்டிருக்கிறாய். நான்கு விடை கொடுத்திருக்கும் கேள்வியில் உன் எண் அங்கே இல்லையென்றால் உடனே சந்தேகம் வரும். இந்தப் பகுதியில் அப்படி எச்சரிக்க ஆளில்லை. அந்த வேலையை நீயேதான் செய்ய வேண்டும்.

முதலில் குழுக் கணக்கு. 6 மாணவர், 5 மாணவியரிலிருந்து 5 பேர் குழு. குறைந்தது 2 மாணவியர் வேண்டும். நீ போட்டது: 5 மாணவியரில் 2 பேரைத் தேர்ந்தால் 10 வழி, மிச்சமிருக்கும் 9 பேரில் யாராவது 3 பேர், 84 வழி, பெருக்கினால் 840. இப்போது நிபந்தனையே இல்லாமல் 11 பேரில் 5 பேரைத் தேர்ந்து பார். மொத்தமே 462 வழிதான். ஒரு பகுதி மொத்தத்தைவிடப் பெரிதாக எப்படி இருக்கும்? 840 என்று வந்ததுமே பேனா நின்றிருக்க வேண்டும்.

எங்கே பெருகியது என்று பார்ப்போம். மாணவியர் அ, ஆ, இ மூவரும் உள்ள ஒரு குழுவை எடுத்துக்கொள். அ, ஆ இருவரை முதலில் எடுத்து, இ-யைப் ‘பிறகு வரும் மூவரில்’ சேர்த்தாலும் இதே குழு. அ, இ முதலில் வந்து ஆ பிறகு வந்தாலும் இதே குழு. ஆ, இ முதலில் வந்தாலும் அதேதான். ஒரே குழு உன் கணக்கில் 3 தடவை ஏறிவிட்டது. 4 மாணவியர் உள்ள குழு 6 தடவை, ஐவரும் மாணவியரான குழு 10 தடவை. சரியான வழி, மாணவியர் எண்ணிக்கையைப் பிரித்துப் போடுவது: 2 பேர் என்றால் 10 × 20 = 200; 3 பேர், 10 × 15 = 150; 4 பேர், 5 × 6 = 30; 5 பேர், 1. கூட்டினால் 381. சரிபார்க்க எதிர்ப்பக்கமாக வா: 462-இலிருந்து மாணவியே இல்லாத 6, ஒரே மாணவி உள்ள 75 இரண்டையும் கழி. அதே 381.

‘குறைந்தது’ என்ற சொல்லைப் பார்த்தாலே ‘முதலில் அத்தனை பேரை எடுத்துவைத்துவிடலாம்’ என்று கை போகும். போக விடாதே. வெவ்வேறான 5 பரிசுகளை 3 குழந்தைகளுக்கு, ஆளுக்கு ஒன்றாவது கிடைக்கும்படி பங்கிடும் கணக்கிலும் இதே பள்ளம்தான். ஆளுக்கு ஒன்றை முதலில் கொடுத்து (60 வழி), மீதி இரண்டை விருப்பம்போல் கொடுத்தால் (9 வழி) 540 வரும். நிபந்தனையின்றிக் கொடுத்தாலே 3⁵ = 243 தான். சேர்த்து விலக்கும் விதியில், ஒரு குழந்தைக்கு எதுவும் கிடைக்காத வழிகளைக் கழித்து, இரண்டு தடவை கழிந்தவற்றைத் திரும்பக் கூட்டினால், 243 − 3 × 32 + 3 = 150. ஆனால் பரிசுகள் ஒரே மாதிரியானவை என்றால் ஆளுக்கு ஒன்று முதலில் கொடுப்பதில் தவறே இல்லை. மீதி 2-ஐப் பங்கிட 6 வழி, அவ்வளவுதான். ‘வெவ்வேறான’, ‘ஒரே மாதிரியான’ என்ற சொற்களின் கீழே தாளில் கோடு போட்டுக்கொள்.

இரண்டாவது, இலக்கங்கள் திரும்ப வராத நான்கிலக்க இரட்டை எண்கள். உன் விடை 2240. ஒன்றாம் இடத்துக்கு 5 வழி, ஆயிரத்துக்கு 8, பிறகு 8, 7. ஒன்றாம் இடத்தில் 0 வந்துவிட்டால் ஆயிரத்துக்கு 8 இல்லை, 9 வழி. விலக்க வேண்டிய பூஜ்யம் ஏற்கெனவே செலவாகிவிட்டதே! பிரித்துப் போடு: கடைசியில் 0 என்றால் 9 × 8 × 7 = 504; 2, 4, 6, 8 என்றால் 4 × 8 × 8 × 7 = 1792; கூட்டல் 2296. விட்டுப்போனது 56.

இந்தப் பிழையைப் பிடிக்க நல்ல வழி, கணக்கைச் சுருக்கிப் பார்ப்பது. நான்கிலக்கத்தை இரண்டிலக்கமாக்கு. 10 முதல் 98 வரை இரட்டை எண்கள் 45; அதில் 22, 44, 66, 88 போனால் 41. உன் முறைப்படி 5 × 8 = 40. ஒன்று குறைகிறது, ஆக முறையே தப்பு. இதற்கு அரை நிமிடம் போதும். 75 கேள்விக்கு 180 நிமிடம் என்ற தேர்வில் இந்த அரை நிமிடத்தை வீண் என்று நினைக்காதே.

மூன்றாவது கேட்கவே வருத்தமான தப்பு. 105 முதல் 999 வரை 7-ஆல் வகுபடும் எண்கள் எத்தனை? 999 வரை உள்ள 142-இலிருந்து 105 வரை உள்ள 15-ஐக் கழித்து 127 எழுதியிருக்கிறாய். 105-ம் கணக்கில் உண்டு கண்ணு. கழிக்க வேண்டியது 104 வரை உள்ளவற்றை, அதாவது 14. விடை 128.

நீ சரியாகப் போட்ட ஒன்றையும் சொல்கிறேன், அதில் இன்னும் எளிய வழி இருக்கிறது. அ + ஆ + இ = 15, மூன்றும் 0 முதல் 7 வரையான முழுக்கள்; எத்தனை வழி? மேல்வரம்பு இல்லாவிட்டால் 17-இல் 2 தேர்வு, 136. ஒன்று 8-ஐத் தொட்டுவிட்டால் மீதி 7-ஐப் பங்கிட 36 வழி. மூன்று எழுத்துக்கும் 108. இரண்டு எழுத்து சேர்ந்து 8-ஐத் தொட 16 வேண்டும், 15-இல் முடியாது. ஆகவே 28. சரிதான். ஆனால் ஒவ்வொன்றும் 7-க்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், குறைகளின் கூட்டல் 21 − 15 = 6. ஆறைப் பங்கிடும்போது எதுவும் 7-ஐத் தாண்டாது, வரம்பே தேவையில்லை. 8-இல் 2 தேர்வு, 28. ஒரே வரி.

எண்ணியல் பக்கம் மூன்று சின்ன விஷயம். 7¹⁰³-ஐ 25-ஆல் வகுத்தால் மீதி என்ன? 7² = 49, அது 25-இன் மட்டில் (25-ஆல் வகுத்த மீதிக் கணக்கில்) −1, ஏனெனில் 50-க்கு ஒன்று குறைவு; 51 தடவை பெருக்கினாலும் −1; இன்னொரு 7 சேர்ந்தால் −7. இங்கேயே நிறுத்திவிடாதே. மீதி எதிர்மறையாக இருக்காது. 25-ஐக் கூட்டி 18 என்று தட்டு. அடுத்து, 50!-ஐ (1 முதல் 50 வரை எல்லா எண்களின் பெருக்கல்) 24-இன் எந்த உச்ச அடுக்கு வகுக்கும்? பெரிய பகாக் காரணியான 3-ஐ மட்டும் பார்த்தால் 22 வரும். 24-க்குள் 2 மூன்று தடவை இருக்கிறது; 50!-இல் 2-இன் அடுக்கு 47, மூன்றால் வகுத்தால் முழுதாக 15. சிறியதுதான் விடை, 15. பெருக்கல் 720 வரும் வரிசைச் சோடிகள், இயல் எண்கள் என்றால் 30, முழுக்கள் என்றால் எதிர்மறைச் சோடிகளும் சேர்ந்து 60.

மதிப்பெண் கணக்கையும் மனத்தில் வை. சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். எண் விடைப் பகுதிக்கும் அப்படித்தான். 2025 முதல் பத்தில் ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் சலுகையும் இல்லை, ஐந்துதான் தருகிறார்கள். நான்கு விடையில் கண்ணை மூடிக் குறித்தாலாவது சராசரியில் கால் மதிப்பெண் லாபம். இங்கே குருட்டாம்போக்கில் ஒரு எண்ணைத் தட்டினால் ஒரு மதிப்பெண் போவது ஏறக்குறைய நிச்சயம். எண்ணே வராத கேள்வியைக் காலியாக விடு. எண் வந்துவிட்டால் மொத்தத்தோடு ஒப்பிடு, சுருக்கிப் பார், பிறகு தட்டு. திரையில் உள்ள எண் பலகையில் மவுஸால் அழுத்திப் பழகிக்கொள். 381 என்று நினைத்து 318 தட்டுவதும் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைப் போட்டு வை: 0 முதல் 999 வரை உள்ள எண்களில் இலக்கங்களின் கூட்டல் 15 வருவது எத்தனை? நேராக ஒரு தடவை, 9-க்கு எவ்வளவு குறைகிறது என்ற வழியில் ஒரு தடவை. இந்த முறை குறைகளும் 9-ஐத் தாண்டலாம், கவனம். இரண்டு விடையும் ஒன்றாக வந்த பிறகு போன் செய்.

அன்புடன்,
அம்மா