மூக்கிரட்டைப் புழு

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், ஆஸ்திரேலியா,
ஆகஸ்ட் 24

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

இங்கே குளிர் விட்டுவிட்டது. எங்கள் பள்ளியில் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துச் சுவர் வெறும் சிமென்டாகக் கிடந்தது. பூர்வகுடிப் பிள்ளைகள் பதினான்கு பேர் சேர்ந்து அதில் படம் வரைந்து முடித்திருக்கிறார்கள். நீ டிராயிங் மாஸ்டர், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நாமாக இருந்தால் முதல் நாளே பிரஷ்ஷை எடுத்திருப்போம். இங்கே முதல் மூன்று வாரமும் பேச்சுதான். இந்த ஊர் அரண்டா என்ற பூர்வகுடி மக்களின் மண். எந்தக் கதையை வரையலாம், யார் வரையலாம் என்று அந்தக் கதைக்கு உரிமையுள்ள பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு மூதாட்டி வந்தார். மரியாதையாக எல்லோரும் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். 'யெப்பரென்யா' புழுவை வரையச் சம்மதம் தந்தார். ஊரைச் சுற்றியுள்ள மெக்டோனல் மலைகளை ஆதியில் உண்டாக்கியவை புழு வடிவில் வந்த முன்னோர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. யெப்பரென்யா அந்த முன்னோர்களில் ஒன்று.

அது தின்னும் கொடியைக் காட்டப் பிள்ளைகளை வேலிக்கு வெளியே கூட்டிப்போனார். நானும் போனேன். செம்மண்ணோடு படர்ந்திருந்தது, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. முருகேசா, அது நம் மூக்கிரட்டையின் இனம்! உங்கள் பாட்டி பொரியல் செய்வார்களே, அதே சாடை. அரண்டா மொழியில் அந்தக் கொடிக்கு 'அயெப்ப' என்று பெயர். புழுவின் பெயரே கொடியிலிருந்து வந்ததுதான்.

வால்பிரி என்ற வேறொரு பூர்வகுடி இனத்துச் சிறுமி ஒருத்தி, ஒன்பது வயது இருக்கும், புழுவின் பக்கமே போகவில்லை. "அது எங்க கதை இல்லை" என்றாள். ஆன்ட்டியிடம் கேட்டுக்கொண்டு, ஓரத்தில் வரும் ஆற்றுமணலை மட்டும் தன் பங்காக எடுத்துக்கொண்டாள். குச்சி நுனியைப் பெயின்டில் தோய்த்து நான்கு நாள் புள்ளி வைத்தாள், ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை. அந்த வயதில் எனக்கு அந்த நிதானம் வந்திருக்காது.

இங்கிருந்து 240 கிலோமீட்டர் தள்ளி பப்புன்யா என்றொரு ஊர். 1971-இல் ஜெஃப்ரி பார்டன் என்ற ஓவிய ஆசிரியர், பிள்ளைகள் மணலில் விரலால் கோடு போட்டுக் கதை சொல்வதைப் பார்த்து, அதையே வரையச் சொன்னார். அப்புறம் ஊர்ப் பெரியவர்களே வந்து பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையை வரைந்தார்கள். மறு வருஷமே அந்த ஓவியர்கள் தங்களுக்கென்று பப்புன்யா துலா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று அவர்கள் படங்கள் உலக மியூசியங்களில் இருக்கின்றன. ஆனால் அந்தச் சுவர்ப் படம் இல்லை. 1974-இல் மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் தலைமையாசிரியரிடம் போய், ஆன்ட்டியின் குடும்பத்தைக் கேட்காமல் யாரும் இந்தச் சுவரில் கைவைக்கக் கூடாது என்று எழுதித் தரச் சொன்னேன். தந்துவிட்டார்.

மிச்சமிருப்பது வெயில். ஜனவரியில் 40 டிகிரி தாண்டும், சுவரோ மேற்குப் பார்த்தது. நீ கோயில் மதில் வேலையெல்லாம் பார்த்தவன். மேலே என்ன பூச்சு அடித்தால் காவி நிறம் வெளுக்காது? சீக்கிரம் எழுது, பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
சேகர்